வேலை பார்த்த என்ஜின் கொதிப்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ரீபோர் செய்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து சீராக்கிய, என்ஜின்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: என்ஜினை இறக்கி வேலை பார்த்த பிறகு வண்டி சூடாகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் தந்தையார் வாங்கி ஓட்டிய பெட்ரோல் அம்பாசடர் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. புகை அதிகமானதால் நான்கு மாதங்களுக்கு முன் என்ஜினை இறக்கி, 0.040 அங்குலம் ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையும் ஃபேசிங் செய்து மட்டமாக்கினோம். அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்டால் வீரவநல்லூர் வரை வெப்பமானியின் முள் நடுவில் நிற்கிறது. சேரன்மகாதேவி தாண்டி 60 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் சிவப்பை நோக்கி ஏறுகிறது. பத்தமடையில் ஓரமாக நிறுத்தி ஸ்லோவில் ஓடவிட்டால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து ராடு அடித்தாகிவிட்டது, மூடியும் புதிது, தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டோம். 'புது என்ஜின் டைட்டாக இருக்கிறது, ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. புது ரேடியேட்டர் வாங்கிவிடலாமா? – ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்.

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமலேயே பாதி விடையை நீங்கள் எழுதிவிட்டீர்கள். 'ஸ்லோவில் இறங்குகிறது, வேகத்தில் ஏறுகிறது' என்ற அந்த ஒரு வரி போதும், சந்தேகப்பட வேண்டியவற்றில் பாதியைத் தள்ளிவிடலாம். வண்டி சூடாகிறது என்று பட்டறைக்கு யார் வந்தாலும், எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு என்று கேட்காமல் நான் ஸ்பானரை எடுத்ததில்லை. நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் குறை காற்றில் இருக்கிறது. அதாவது ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் வெளித்தகடுகள். ஓடினால் சூடு, நின்றால் குளிர்ச்சி என்றால் ஒன்று தண்ணீரின் ஓட்டம் போதவில்லை, அல்லது என்ஜின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. உங்கள் வண்டி இந்த இரண்டாவது வகை.

பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சுவர்களின் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. ஸ்லோவில் எரியும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால் பாதி அடைத்த வழிகூட அந்த வெப்பத்தைச் சுமந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே வழி போதாமல் போகிறது. சேரன்மகாதேவி வரை தாங்கி, அதற்குப் பிறகு தோற்றுப்போவதற்கு இதுதான் காரணம்.

'டைட்டாக இருக்கிறது' என்ற பதிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுப் பிஸ்டனும் ரிங்கும் சுவரோடு உரசிப் பழகும் வரை உராய்வு கூடுதலாக இருக்கும், முள்ளும் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்கும். ஆனால் அது முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். 1,400 கிலோமீட்டர் ஓடிய பிறகும் அன்றைக்கு ஏறிய அளவுக்கே இன்றைக்கும் ஏறுகிறது என்றால் காரணம் வேறு. உங்கள் வண்டியில் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருந்தால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு நன்றாகச் சூடேறிய நிலையில், சாவியை அணைத்து, கியர் நடுவில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மறுபடியும் சுற்றிப் பாருங்கள். சூட்டில் சுற்றுவது தெளிவாகக் கடினமானால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட்ட இடைவெளி போதவில்லை என்று லேத் பட்டறையில் பேச உங்களுக்கு ஆதாரம் கிடைக்கும். இரண்டு வேளையும் ஒரே மாதிரி சுற்றினால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

அடுத்து, முள்ளை நம்பலாமா என்று பாருங்கள். வேலையின்போது வெப்ப சென்சாரை மாற்றியிருந்து, அது உங்கள் மீட்டருக்குப் பொருந்தாததாக இருந்தால், 85 டிகிரியிலேயே சிவப்பைக் காட்டும். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி இப்போது சிறு பட்டறைகளிலும் இருக்கிறது. முள் ஏறிய உடனே வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரின் மேல் ஓஸ் (ரப்பர் குழாய்) பொருந்தியிருக்கும் இரும்புக் கழுத்தில் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், அந்த இடத்தில் முன்கூட்டியே கறுப்பு பெயின்டைச் சிறிது பூசி வையுங்கள்.

சூடு உண்மைதான் என்று தெரிந்தால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. வேலை பார்த்த என்ஜின்களில் நான் மிக அதிகமாகக் கண்ட காரணங்களில் ஒன்றும் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டும்போது தீப்பொறி சற்றுப் பிந்திவிட்டால், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் எரிதல் தொடர்கிறது. இறங்க இறங்கச் சுவரின் பரப்பு அதிகமாகத் திறந்துகொள்ள, சக்கரத்துக்குப் போக வேண்டிய வெப்பம் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வாசலுக்கும் போய்விடுகிறது. வண்டியில் இழுவை குறைந்திருக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சோம்பலாகப் புறப்படும். இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கலாகச் சிவந்திருப்பதைக்கூடச் சில சமயம் காணலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளியை முதலில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் டைமிங் வைக்க வேண்டும். வரிசை மாறினால் வைத்த டைமிங் நகர்ந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேகுவம் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா, சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதே நேரத்தில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். முனை இளம்பழுப்பாக இருப்பது நல்லது. சாம்பல் பூத்ததுபோல வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரின் அடியிலோ மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ காற்று இழுக்கிறது. அதுவும் என்ஜினைச் சூடாக்கும்.

இங்கே குறை அகப்படாவிட்டால் தண்ணீரின் ஓட்டத்துக்கு வாருங்கள். கீழ் ஓஸ்தான் பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கம். அதன் உள்ளே ஒரு சுருள் கம்பி இருப்பது வழக்கம். புது ஓஸ் போடும்போது அந்தக் கம்பியைப் பழைய ஓஸோடு எறிந்துவிடுகிறார்கள். என்ஜின் சூடான பின் ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, நீங்கள் அந்த ஓஸையே பார்த்துக்கொண்டிருங்கள். கையும் சட்டை நுனியும் ஃபேனுக்கு அருகில் போகாதபடி கவனம் தேவை. சுழற்சி கூடக் கூட ஓஸ் சூம்பி ஒட்டிக்கொண்டால், வேகத்தில் சூடு ஏறுவதற்கு அதுவே முழுக் காரணமாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதால் நன்மை எதுவும் விளையவில்லை. சில என்ஜின்களில் அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்குவழியில் பம்புக்குத் திரும்பிவிடும். புதிதாக ஒன்று வாங்கி, மாட்டுவதற்கு முன் அடுப்பில் சோதியுங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் முட்டாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வையுங்கள். 82 என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட் அந்த டிகிரி அளவில் வாய் திறக்கத் தொடங்கி, சுமார் 95-இல் முழுவதும் திறந்துவிட வேண்டும்.

ரேடியேட்டருக்கு ராடு அடித்தது சரி, ஆனால் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கு யார் ராடு அடித்தார்கள்? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் அதுதான். பட்டறையில் சிலிண்டரின் உட்புறத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றிக் கொடுத்துவிடுவார்கள். சிலிண்டருக்கு வெளியே தண்ணீர் ஓடும் அறையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த துருவும் உப்பும் அங்கேயே கிடக்கும். பம்பு முன்பக்கத்தில் இருப்பதால் பின்பக்கத்தில் ஓட்டம் மந்தம். சேறு முழுவதும் அங்கே போய்த்தான் படியும்.

பாளையங்கோட்டையில் நான் பட்டறை வைத்திருந்தபோது இதே மாதிரி ஓர் அம்பாசடர் வந்தது. வேறிடத்தில் என்ஜின் வேலை முடித்து, இரண்டு முறை ரேடியேட்டரும் மாற்றியிருந்தார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வடிக்கும் டேப் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன், ஒரு சொட்டுகூட வரவில்லை. டேப்பையே கழற்றிவிட்டு, சைக்கிள் ஆரக்கால் கம்பியின் நுனியைச் சற்று வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தேன். முதலில் கம்பி நுனியில் காவி நிறத்தில் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு களிமண் கட்டிபோல் உதிர்ந்தது. கால்மணி நேரம் குடைந்த பிறகே சாயத் தண்ணீர்போல ஒரு கோடு இழுத்து வழிந்தது. தண்ணீர் அறையின் துளைகளை மூடியிருக்கும் பக்கவாட்டுப் பிளக்குகளைத் தட்டி எடுத்துப் பார்த்தால், கடைசி இரண்டு சிலிண்டர்களின் கீழ்ப்பாதியைச் சுற்றித் தண்ணீரே போகவில்லை. விரலால் தோண்டி எடுத்த சேறு ஓர் உழக்கு நிறைந்தது. அந்த இரண்டு சிலிண்டர்களும் சேற்றுக்குள் நின்றுகொண்டு வேலை செய்திருக்கின்றன.

உங்கள் வண்டியில் இந்தச் சோதனையை இன்றே செய்யலாம். என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிளாக்கின் டேப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீறிட்டு வந்தால் அந்தப் பகுதி சுத்தம். சொட்டினாலோ வராமலே போனாலோ நோய் பிடிபட்டது. அந்தப் பக்கவாட்டுப் பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, கம்பியாலும் அழுத்தத் தண்ணீராலும், தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவ வேண்டும். பிறகு புதுப் பிளக்குகள் போட வேண்டும். என்ஜினை மறுபடியும் இறக்காமலே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

அதற்குப் பிறகும் ஏறினால் ஹெட்டைத் தூக்கி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் கேஸ்கட்டைப் பாருங்கள். பல கேஸ்கட்டுகளில் எது மேல்புறம், எது முன்புறம் என்று அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டாலும் போல்ட் துளைகள் பொருந்திவிடும் வண்டிகள் உண்டு. தண்ணீர்த் துளைகள் மட்டும் மூடிக்கொள்ளும். அளவுக்கு மேல் பேஸ்ட் தடவினாலும் அது பிதுங்கி அதே துளைகளை அடைத்துவிடும். கடைசியாக, வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் அந்தப் பாரம் முழுவதையும் என்ஜின்தான் சுமக்கும். ஓடிவந்ததும் சக்கரத்தின் டிரம்மைத் தொட முடியாத அளவுக்குச் சுடுவதே அதற்கு அடையாளம்.

கேள்வி: எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் உப்பு. என்ஜின் வேலை பார்த்த பிறகு எந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும்? கூலன்ட் அவசியமா? – ஒரு வாசகர், திசையன்விளை.

பதில்: அவசியம். போர்வெல் தண்ணீரை மட்டும் எந்த நாளும் ஊற்றாதீர்கள். வீட்டில் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதே பொருக்கு என்ஜினுக்குள் மிகச் சூடான இடமாகிய எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித்தான் முதலில் படியும். இரும்போடு ஒப்பிட்டால் அந்தப் பொருக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய படலமாக இருந்தாலும் கம்பளி போர்த்தியதற்குச் சமம். ராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வண்டிகளின் ஹெட்டைத் திறந்தால், தாமிரபரணித் தண்ணீர் ஊற்றி ஓடிய அம்பாசமுத்திரத்து வண்டிக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்கே தெரியும்.

பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி, கூலன்டோடு கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையும் குளிர் இல்லை. ஆனாலும் கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, அதற்காகவே அது தேவை. டப்பாவில் எழுதியிருக்கும் விகிதத்தைப் பின்பற்றுங்கள். பாதிக்குப் பாதி என்ற அளவைத் தாண்ட வேண்டாம். கூலன்ட் கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று பலர் தண்ணீரே கலக்காமல் ஊற்றிவிடுகிறார்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடு இல்லை. கூலன்ட் அளவுக்கு மேல் போகப் போக அந்தத் திறன் குறையும்.

ஏற்கெனவே படிந்த பொருக்கைக் கரைக்க, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, ஆறிய பின் வடித்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் கழுவலாம். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அலுமினிய ஹெட், பம்பு உடல், ரேடியேட்டரின் பற்றவைப்பு எல்லாவற்றையும் அது அரித்துவிடும்.

ஊற்றும் விதமும் முக்கியம். காலியான என்ஜினில் அவசரமாக ஊற்றினால் ஹெட்டின் மேல்பகுதியில் காற்று அடைத்துக்கொள்ளும். வேலை முடித்த முதல் நாளிலேயே சூடாகும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, ஸ்லோவில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடியும் நிரப்பி, குமிழ் வருவது நின்ற பிறகு மூடுங்கள்.

கேள்வி: எங்கள் மாருதி 800-இல் என்ஜின் வேலை பார்த்தோம். நெடுஞ்சாலையில் ஒன்றும் இல்லை. வண்ணாரப்பேட்டை நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் முள் ஏறிவிடுகிறது. – ஒரு வாசகர், மேலப்பாளையம்.

பதில்: நின்றால் சூடு, ஆகவே காற்று. மின்சார ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். வயரைத் திரும்ப இணைக்கும்போது இரண்டு முனைகளும் இடம் மாறினால் அந்த மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்புறத்தில் ஒரு தாளை வையுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் காற்று சரியாக உள்ளே இழுக்கப்படுகிறது, தள்ளிவிட்டால் வயரை மாற்றுங்கள். ஃபேன் சுற்றவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச் என்ற வரிசையில் பாருங்கள். சரியாகச் சுற்றியும் சூடு நின்றபாடில்லை என்றால் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வாடகைக்கு ஓட்டும் பழைய வண்டி. ஆடி மாதத்தில் போகும்போது சூடு ஏறுவதில்லை, திரும்பும்போது காவல்கிணறு அருகே ஏறிவிடுகிறது. பாரமும் வேகமும் ஒன்றுதான். என்ஜின் புதிதாக வேலை பார்த்தது. – ஒரு ஓட்டுநர்.

பதில்: நல்ல கவனிப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தெரியாதவர் நம் பக்கத்தில் இல்லை. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தானே. நீங்கள் போகும்போது அந்தக் காற்று ரேடியேட்டருக்கு நேரே வந்து மோதுகிறது. திரும்பும்போது பின்னாலிருந்து வீசுகிறது. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போக, பின்னால் 40 கிலோமீட்டரில் காற்று அடித்தால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். அந்த நேரத்தில் முழு வேலையும் ஃபேனின் தலையில் விழுகிறது. ஆகவே உங்கள் ஃபேன் பலவீனமாக இருக்கிறது. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, ஃபேனைச் சுற்றியிருந்த கூண்டுத் தகட்டை வேலையின்போது கழற்றி மாட்டாமல் விட்டுவிட்டார்களா, இலைகளைத் திருப்பி மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். திருப்பி மாட்டிய ஃபேன் பின்புறமாகத் தள்ள வேண்டிய காற்றைச் சரிவரத் தள்ளாது. பார்வைக்கு மட்டும் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏற்றத்தில் எங்கள் வண்டி ரேடியேட்டர் தண்ணீரைச் சிறு தொட்டிக்குத் தள்ளிவிடுகிறது. சில நேரம் முள் ஏறி, பிறகு தானாகக் கீழே விழுந்துவிடுகிறது. தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. ஹெட் ஃபேசிங் செய்து ஆறு வாரம்தான் ஆகிறது. – ஒரு வாசகி, தென்காசி.

பதில்: அம்மா, முள் கீழே விழுந்ததும் வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டாதீர்கள். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் போய், அது நீராவியிலோ வெற்று இடத்திலோ நிற்கும்போதும் முள் விழும். அந்த நிலையில் மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே ஹெட் வளைந்துவிடக்கூடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஹெட் கேஸ்கட்டைக் காட்டுகின்றன. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, எரிந்த வாயு கேஸ்கட்டின் விளிம்பு வழியாகத் தண்ணீருக்குள் புகுந்து, தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஆறிய என்ஜினில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். பம்பு பெல்ட்டால் ஓடுவதாக இருந்தால் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது; தண்ணீர் அசையாமல் நிற்கும். தொடக்கத்தில் அடைந்திருந்த காற்று வெளியேறிய பிறகும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் போதெல்லாம் சரம்சரமாகக் குமிழ் வந்தால் அது எரிந்த வாயு. சில பட்டறைகளில் நீல நிறத் திரவம் ஒன்றை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பார்கள்; வாயுவிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டதும் அது மஞ்சளாக மாறும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பிபோல இருந்தால் தண்ணீர் ஆயிலிலும் கலந்துவிட்டது, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹெட்டைத் தூக்கும்போது நீங்களோ வீட்டில் ஒருவரோ உடன் நில்லுங்கள். ஹெட்டை ஃபேசிங் செய்தார்கள், ஆனால் அது உட்காரும் பிளாக்கின் மேல்முகத்தை யாராவது அளந்தார்களா என்று கேளுங்கள். நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, சட்டத்துக்கு அடியில் ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்பதுதான் முறை. பெரும்பாலான கார் என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கேயாவது தாராளமாக நுழைந்தாலே பிளாக்கையும் ஃபேசிங் செய்ய வேண்டியிருக்கும்; துல்லியமான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறுகியதுபோலக் காட்டும், ஹெட் இறுகியிருக்காது. துளைகளைக் காற்றடித்து உலர்த்தி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் படிப்படியாக இறுக்க வேண்டும். கைக்கணக்கில் இறுக்குவதை அனுபவம் மிகுந்த மெக்கானிக் செய்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்றத்தில் மறுபடியும் நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். 0.9 கிலோ அழுத்த மூடியின் கீழ் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். வெந்துபோன முகத்தோடும் கையோடும் மருத்துவமனைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்து, மேல் ஓஸை அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் மட்டும், நனைத்த கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, முதல் பூட்டு வரை சிறிதாகத் திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுவதும் திறங்கள். சூடான பிளாக்கில் ஓடைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். என்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அப்படி நிரப்பிய பிறகும் மேலே ஏற முயல வேண்டாம். வந்த வழியே இறங்கி, புளியரையிலோ செங்கோட்டையிலோ வண்டியை விட்டுவிட்டு, மெக்கானிக்கை அங்கே வரச் சொல்லுங்கள்.